மஞ்சள் பையில் இருந்த 38,400 டாலர்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறோம். அவருடைய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது.

அவரும் கணவரும் சிறிய இந்திய மளிகைக் கடை நடத்துகிறார்கள். இருவரிடமும் கிரீன் கார்டு இருக்கிறது. பக்கத்து மாநிலத்தில் மூடப்பட்ட ஓர் உணவகத்தின் குளிர்பதனப் பெட்டிகளும் பெரிய கிரைண்டர்களும் விலைக்கு வந்தன. விற்பவர் ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார். கடைச் சேமிப்பு 19,000 டாலர், இவர் பெயரில் எடுத்த சீட்டுப் பணம் 15,000, நண்பர் கொடுத்த கைமாற்று 4,400 ஆக மொத்தம் 38,400 டாலரை ரப்பர் பேண்டு போட்ட கட்டுகளாக ஊர் ஜவுளிக்கடை மஞ்சள் பையில் வைத்து, கணவர் மட்டும் காரில் புறப்பட்டார். தடம் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று நெடுஞ்சாலையில் போலீஸ் நிறுத்தியது. “பணம் ஏதாவது கொண்டு போகிறீர்களா?” என்று கேட்டபோது பயத்தில் “அதிகம் இல்லை” என்றிருக்கிறார். எச்சரிக்கைச் சீட்டைக் கையில் கொடுத்த பிறகு, “வண்டியைப் பார்க்கலாமா?” என்று கேட்டிருக்கிறார்கள். இவர் “சரி” என்று சொன்னாராம். இருபத்தைந்து நிமிடம் கழித்து மோப்ப நாய் வந்தது. போதைப்பொருள் எதுவும் கிடைக்கவில்லை. கைதும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. பணம் மட்டும் போய்விட்டது. கையில் மிஞ்சியது “எண்ணப்படாத அமெரிக்க ரொக்கம்” என்று எழுதிய ஒரு ரசீது.

ஏழு வாரம் கழித்து மத்திய அரசு அமைப்பு ஒன்றிடமிருந்து பதிவு அஞ்சல் வந்திருக்கிறது. அதில் ஒரு கடைசித் தேதி இருக்கிறது. அதற்கு இன்னும் பத்தொன்பது நாட்களே உள்ளன. “வழக்கே போடவில்லையே, விசாரணை முடிந்ததும் தானாகத் திருப்பிக் கொடுத்துவிட மாட்டார்களா? பத்தாயிரம் டாலருக்கு மேல் ரொக்கம் வைத்திருந்ததே குற்றம் என்கிறார்களே? குடியுரிமை இல்லாத நாங்கள் அரசை எதிர்த்தால் பின்னால் தொந்தரவு வராதா? மன்னிப்புக் கேட்டு மனு போட்டால் பாதியாவது கிடைக்கும் என்று ஒரு நண்பர் சொல்கிறார், செய்யலாமா?” என்று கேட்கிறார். கணவர் இதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார் என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

அந்தத் தேதியிலிருந்தே தொடங்குகிறேன். அது ஒரு நாள் தவறினாலும் நான் கீழே எழுதப்போகும் எதுவும் உங்களுக்குப் பயன்படாது. பணம் தானாகத் திரும்பி வராது. பதில் வராவிட்டால் நீதிபதி ஒருவர்கூடப் பார்க்காமல், ஓர் அலுவலகக் குறிப்பிலேயே அது அரசுக்குச் சொந்தமாகிவிடும். கிடங்குச் சரக்கு போன்றவற்றை இப்படி அலுவலக அளவில் பறிக்கச் சட்டத்தில் பண உச்சவரம்பு உண்டு. வீடு, நிலம் என்றால் நீதிமன்றம் போயே ஆக வேண்டும். ரொக்கத்துக்கு அந்த வரம்பும் கிடையாது. இன்றைய நிலையில் உங்கள் பணம் கைப்பற்றப்பட்டிருக்கிறது, இன்னும் பறிமுதல் ஆகவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது அந்தத் தேதி ஒன்றுதான்.

“வழக்கே போடவில்லையே” என்ற உங்கள் நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. உங்கள் கணவர் மீது வழக்கு இல்லை என்பது உண்மை. வழக்கு பணத்தின் மீது. பழைய கடல்வழிச் சட்டத்திலிருந்து வந்த முறை இது. சுங்கம் ஏய்த்த கப்பலின் முதலாளி கடலுக்கு அப்பால் இருப்பார், அவரைப் பிடிக்க முடியாது, ஆகவே கப்பலையே பிரதிவாதியாக்கினார்கள். அதனால்தான் இன்றும் “அமெரிக்க அரசு எதிர் 8,850 டாலர்” என்பது போன்ற பெயர்களில் வழக்குகள் நடக்கின்றன. பணத்துக்கு வாய் இல்லை, அதற்காகப் பேச வக்கீலும் இல்லை. சொந்தக்காரர் முன்வந்து “இது என்னுடையது” என்று சொன்னால்தான் எதிர்த்தரப்பு என்று ஒன்று உருவாகும். குற்றவழக்கில் போல அரசு செலவில் வக்கீல் தரமாட்டார்கள். குடியிருக்கும் வீட்டையே பறிக்க வரும்போது மட்டும், வசதியில்லாதவர்களுக்கு அந்த உதவி உண்டு.

பத்தாயிரம் டாலர் பற்றி உங்களிடம் சொன்னவர் இரண்டு விதிகளைக் கலந்துவிட்டார். நாட்டின் எல்லையைக் கடக்கும்போது அதற்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் அறிவிக்க வேண்டும். வங்கியில் அதற்கு மேல் ரொக்கம் கட்டினால் வங்கி அரசுக்கு அறிக்கை தரும். உள்நாட்டுச் சாலையில் எவ்வளவு ரொக்கத்துடன் போனாலும் அது குற்றமில்லை. ஆனால் வங்கி அறிக்கையைத் தவிர்க்கவென்றே தொகையைப் பிரித்துப் பிரித்துக் கட்டுவது தனிக் குற்றம். கடைக்கணக்கில் அப்படி எதுவும் நடந்திருந்தால், அந்தப் பேச்சு வக்கீலிடம் மட்டும் இருக்கட்டும்.

குடியுரிமை இல்லையே என்ற அச்சத்துக்கு 1886லேயே பதில் வந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் சலவைக்கடை நடத்திய சீனர்களுக்கு உரிமம் மறுக்கப்பட்டபோது, அரசியலமைப்பின் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 5ஆவது திருத்தம், உரிய சட்ட நடைமுறை இல்லாமல் எந்த நபரின் உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது. அதில் “குடிமகன்” என்ற சொல் இல்லை. தன் பணத்தைக் கேட்பது யாருடைய குடியுரிமை விண்ணப்பத்திலும் கரும்புள்ளி ஆகாது. அந்த விண்ணப்பத்தை நிரப்பும்போது சாலையில் நிறுத்தப்பட்டதை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்பதை மட்டும் குடியேற்ற வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு மனுக்கள், இரண்டு வேறு வாசல்கள்

அந்த அஞ்சலில் இரண்டு வழிகள் அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று உரிமைக் கோரிக்கை. மற்றொன்று சலுகை மனு. உங்கள் நண்பர் சொல்வது இந்த இரண்டாவது. நான் மிகவும் அஞ்சுவதும் இந்த இடத்தைத்தான்.

சலுகை மனு போடுகிறவர் பறிமுதல் செல்லாது என்று வாதாடவில்லை, அது செல்லும் என்று ஏற்றுக்கொண்டு கருணை காட்டும்படி வேண்டுகிறார். அதைப் படித்து முடிவு செய்வதும் பணத்தைப் பறிக்க முனைந்திருக்கும் அதே அமைப்புதான். நீதிமன்றம் அதைப் பார்க்காது. சலுகை மனு மட்டும் போட்டவர்கள், தாங்கள் போராடிக்கொண்டிருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும்போது தேதி கடந்துபோகிறது.

உரிமைக் கோரிக்கை போய்ச் சேர்ந்துவிட்டால் நிலைமை அப்படியே மாறுகிறது. 2000ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சீர்திருத்தச் சட்டப்படி, அன்றிலிருந்து 90 நாட்களுக்குள் அரசு மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பணத்தை விடுவிக்க வேண்டும். நீதிமன்றம் காலத்தை நீட்டித்துத் தரலாம். வழக்கு வந்தால், இந்தப் பணத்துக்கும் போதைப்பொருள் வியாபாரத்துக்கும் தொடர்பு இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. 2000க்கு முன்பு குற்றமில்லை என்று சொந்தக்காரர்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்கும் முன்பணம் கட்ட வேண்டும். இப்போது அந்த முன்பணம் இல்லை. ஆனால் குற்றவழக்கில் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, தராசு ஒரு பக்கம் சற்றே சாய்ந்தால் போதும் என்பதை மறக்கக் கூடாது.

கோரிக்கைக்குப் பெரிய படிவம் எதுவும் தேவையில்லை. எந்தச் சொத்து, அதில் உங்கள் உரிமை என்ன என்பதை எழுதி, பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியுடன் சொந்தக்காரரே கையெழுத்திட வேண்டும். வக்கீல் மட்டும் கையெழுத்திட்டால் செல்லாது. அஞ்சலில் போட்ட தேதி கணக்கில் வராது, அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த தேதிதான் கணக்கு. இணையத்தில் பதிவுசெய்து ஒப்புதல் அச்சை எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலிலும் அனுப்புங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சீட்டுப் பணம் 15,000 உங்களுடையது. ஆகவே உங்கள் பங்குக்கு நீங்கள் தனியாகக் கோரிக்கை போட வேண்டும், கணவர் போட்டால் போதாது. கைமாற்று கொடுத்த நண்பர் கோரிக்கை போட முடியாது. அடமானம் எதுவும் இல்லாமல் கடன் கொடுத்தவருக்கு அந்த நோட்டுகளின் மீது உரிமை இருப்பதாகச் சட்டம் ஏற்பதில்லை. அவர் கொடுத்த 4,400 உங்கள் கணவரின் பணமாகிவிட்டது, அவர் சாட்சி.

அரசியலமைப்பு உங்களுக்கு எங்கே கைகொடுக்கும்

முதலில் 4ஆவது திருத்தம். நியாயமற்ற சோதனையிலிருந்தும் கைப்பற்றலிலிருந்தும் காப்பது அது. 1965இல் பென்சில்வேனியாவில் ஒரு பிளைமவுத் காரைப் பறிக்க நடந்த வழக்கில், சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த ஆதாரத்தைப் பறிமுதல் வழக்கிலும் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இல் ரோட்ரிகெஸ் வழக்கில் இன்னும் நெருக்கமான ஒன்று வந்தது. எச்சரிக்கைச் சீட்டு எழுதி முடித்த பிறகு, நாயை வைத்து மோப்பம் பிடிப்பதற்காக ஏழெட்டு நிமிடம் கூடுதலாக நிறுத்திவைத்தார்கள். தக்க சந்தேகக் காரணம் இல்லாமல் அப்படி நீட்டிப்பது தவறு என்றது நீதிமன்றம். உங்கள் கணவர் காத்திருந்தது இருபத்தைந்து நிமிடம்.

ஆனால் அந்த வழக்கில் ஓட்டுநர் சோதனைக்குச் சம்மதிக்கவில்லை. உங்கள் கணவர் “சரி” என்றிருக்கிறார். மறுக்க உரிமை உண்டு என்று போலீஸ் முன்கூட்டிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் சம்மதம் மனமுவந்து தந்ததாக இருக்க வேண்டும். அவருடைய ஆவணங்களைத் திருப்பித் தந்துவிட்டார்களா? எத்தனை போலீசார் சுற்றி நின்றார்கள்? “பார்க்கலாமா” என்றது எதை, “சரி” என்றது எதற்கு? இதெல்லாம் போலீசாரின் உடையில் இருக்கும் கேமராவிலும் அவர்கள் வண்டிக் கேமராவிலும் பதிவாகியிருக்கக்கூடும். அந்தப் பதிவுகளை அழிக்காமல் பாதுகாக்கும்படி இந்த வாரமே எழுத்தில் கோருங்கள். பல இடங்களில் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அவற்றை அழித்துவிடுகிறார்கள்.

நாய் மோப்பத்தைக் கண்டு கலங்காதீர்கள். புழக்கத்தில் இருக்கும் டாலர் நோட்டுகள் பலவற்றில் கோகெய்ன் துகள் ஒட்டியிருப்பது சாதாரணம் என்பதைப் பல நீதிமன்றங்கள் குறிப்பிட்டிருக்கின்றன.

அடுத்தது 5ஆவது திருத்தம், உரிய நடைமுறை. இங்கே அதிக நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 2024 மே மாதம் கல்லி எதிர் மார்ஷல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று பிரிந்தது. அலபாமாவில் ஒரு தாயின் காரை மகன் ஓட்டிச் சென்றபோது போலீஸ் கைப்பற்றியது. கார் திரும்பி வர ஏறக்குறைய இருபது மாதம் ஆனது. இறுதி விசாரணை உரிய காலத்தில் நடக்க வேண்டும், ஆனால் அதற்கு முன்பாக “இடைக்காலத்தில் எங்களிடம் இருக்கட்டுமே” என்று கேட்கத் தனி விசாரணை தர வேண்டியதில்லை என்றது பெரும்பான்மை. எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. கடை நடத்துகிறவருக்கு இருபது மாதம் என்பது கடையே மூடிப்போகும் காலம். ஆனாலும் இன்றைய சட்டம் அதுதான். உரிய காலமா என்று அளப்பதற்கான அளவுகோலை 1983இல் அந்த 8,850 டாலர் வழக்கு வகுத்தது: எவ்வளவு தாமதம், ஏன் தாமதம், சொந்தக்காரர் தன் உரிமையை வலியுறுத்தினாரா, அவருக்கு என்ன பாதிப்பு. மூன்றாவதைப் பாருங்கள். சும்மா இருந்தவருக்கு அந்தத் தராசில் எடை குறைவு.

மூன்றாவதாக 8ஆவது திருத்தம். அளவுக்கு மீறிய அபராதத்தைத் தடுப்பது. தண்டிக்கும் தன்மை கொண்ட பறிமுதலுக்கும் இது பொருந்தும் என்று 1993இலும், மாநில அரசுகளையும் இது கட்டுப்படுத்தும் என்று 2019இலும் தீர்ப்பு வந்தது. 2019இல் வந்தது இண்டியானாவின் டிம்ப்ஸ் வழக்கு. தந்தையின் காப்பீட்டுப் பணத்தில் 42,000 டாலருக்கு வாங்கிய லேண்ட் ரோவரை, அதிகபட்ச அபராதமே 10,000 டாலராக இருந்த ஒரு குற்றத்துக்காகப் பறித்தார்கள். நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு அது. பலரும் இந்த வழக்கைக் காட்டி உங்களுக்குத் தைரியம் சொல்லக்கூடும். உங்கள் விஷயத்தில் இது கடைசிக் கையிருப்பு மட்டுமே. அளவு மீறியது என்ற வாதம் சிறிதேனும் குற்றம் நடந்தவருக்கானது. உங்கள் கட்சி குற்றமே நடக்கவில்லை என்பது. அதிலேயே நில்லுங்கள்.

அரசியலமைப்பு வாதங்களை முதல் நீதிமன்றத்திலேயே எழுத்தில் வைக்கும்படி உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். டெக்சாஸில் ஒரு பெண்மணியின் 201,100 டாலரை நெடுஞ்சாலையில் கைப்பற்றினார்கள். வீடு விற்ற பணம், விற்பனைப் பத்திரமும் அதே பெட்டியில் இருந்தது. தோற்றார். 2017இல் அவர் உச்ச நீதிமன்றம் போனபோது, இந்தப் பறிமுதல் முறையே அரசியலமைப்புக்குப் பொருந்துகிறதா என்று நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் கடுமையான கேள்விகளை எழுதினார். ஆனாலும் வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. கீழ் நீதிமன்றங்களில் எழுப்பாத வாதங்களை அவர் அங்கே முதல்முறையாக எழுப்பியிருந்தார்.

“அதிகம் இல்லை” என்ற அந்தச் சொல்

உங்கள் கடிதத்தில் இதை ஓரமாக, பாதி வரியில் சொல்லியிருக்கிறீர்கள். அரசுத் தரப்பு இதை முதல் பக்கத்தில் வைக்கும். 2006இல் 8ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு உங்களுடையதைப் போலவே இருக்கிறது. குளிர்பதன லாரி வாங்கப் பலர் சேர்ந்து திரட்டிய 124,700 டாலர், நெப்ராஸ்காவில் கைப்பற்றப்பட்டது. போதைப்பொருள் கிடைக்கவில்லை. கீழ் நீதிமன்றம் பணத்தைக் கொண்டுபோனவர் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் அரசு வென்றது. அவர் முதலில் பணம் இல்லை என்று சொன்னதை நீதிபதிகள் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே அதை மறைக்காமல் விளக்க வேண்டும். இருட்டு நெடுஞ்சாலையில் துப்பாக்கி வைத்திருப்பவரிடம் பையில் இவ்வளவு இருக்கிறது என்று சொல்லப் பயந்தார் என்பது எந்த ஜூரிக்கும் புரியும். இந்த வழக்கில் ஜூரி விசாரணை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த விளக்கம் நிற்க வேண்டுமானால் மற்ற எல்லாமே காகிதத்தில் உறுதியாக இருக்க வேண்டும். விற்பவருடன் நடந்த குறுஞ்செய்திகள், உபகரணங்களின் படங்கள், பேசிய விலை, கடையின் தினசரிக் கணக்கு, வருமானவரிக் கணக்கு எல்லாவற்றையும் எடுங்கள். கடையில் வந்த ரொக்கம் வரிக்கணக்கில் வராமல் இருந்தால், கோரிக்கையில் கையெழுத்திடும் முன் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். அது உறுதிமொழி. தவறான ஒரு எண் புதிய ஆபத்தைக் கொண்டுவரும்.

சீட்டு நோட்டை மறைக்காதீர்கள். சீட்டு என்றால் என்னவென்று அந்த அதிகாரிக்குத் தெரியாது, நீதிபதிக்கும் தெரியாமல் இருக்கலாம். யார் மாதம் எவ்வளவு கட்டினார், எந்த மாதம் யார் எடுத்தார் என்ற ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, சீட்டில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேரிடம் உறுதிமொழி வாக்குமூலம் வாங்குங்கள். நாள்பட்ட மையும் அடித்தல் திருத்தலுமாக இருக்கும் அந்த நாற்பது பக்க நோட்டு, பணத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று காட்டும்.

எதை எதிர்பார்க்கலாம்

உள்ளூர் போலீஸ் எடுத்த பணம் மத்திய அமைப்பிடம் எப்படிப் போனது என்று கேட்டிருந்தீர்கள். அப்படி ஒப்படைத்தால் பறிமுதலான தொகையில் 80 சதவீதம் வரை உள்ளூர்த் துறைக்கே திரும்பி வரும். 2015இல் இந்த ஏற்பாட்டை அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் பெருமளவு நிறுத்தினார். 2017இல் அதே பதவிக்கு வந்த ஜெஃப் செஷன்ஸ் மீண்டும் திறந்துவிட்டார். பறிக்கிறவருக்கே பங்கு என்பது என்னால் ஏற்க முடியாத ஏற்பாடு. பணத்தை மத்திய அமைப்பு எடுத்துக்கொண்டதால், இனி உங்களுக்குப் பொருந்துவது மத்தியச் சட்டம்.

கோரிக்கை போன பிறகு “பாதியை எடுத்துக்கொண்டு முடித்துக்கொள்வோமா” என்று அரசு வக்கீல் கேட்கலாம். அதை உடனே தள்ளவும் வேண்டாம், உடனே ஏற்கவும் வேண்டாம். உங்கள் காகிதங்கள் வலுவாக இருந்தால் முழுத்தொகை கேட்பதே என் யோசனை. வழக்கு நடந்து கணிசமாக வென்றால் நியாயமான வக்கீல் கட்டணத்தையும் அரசே தர வேண்டும் என்கிறது 2000ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் வழக்குப் போடாமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்தக் கட்டணம் கிடைப்பது அரிது. பறிமுதல் வழக்குகளையே தொழிலாகச் செய்யும் வக்கீலைத் தேடுங்கள். கிடைக்கும் தொகையில் பங்கு என்ற பேச்சுக்கு ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கணவர் அந்த அமைப்பின் அதிகாரியை நேரில் தொலைபேசியில் கூப்பிட்டு விளக்கம் சொல்ல வேண்டாம். நல்லெண்ணத்தில் சொன்ன வாக்கியம்கூட வேறு வடிவத்தில் திரும்பி வரும். குற்றவழக்கு இனி வராது என்றும் யாரும் உறுதி தர முடியாது. பணத்தைப் பறித்த பிறகு அதே காரணத்துக்குக் குற்றவழக்குத் தொடுப்பது ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை ஆகாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீல் மூலமே பேசட்டும்.

சாலையோரத்தில் அவர் ஏதோ ஒரு தாளில் கையெழுத்திட்டதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் ரசீதா, அல்லது பணத்தின் மீது எனக்கு உரிமை இல்லை என்று எழுதிக்கொடுக்கும் தாளா என்பது முக்கியம். இரண்டாவது என்றாலும் அதை நீதிமன்றத்தில் எதிர்க்க வழி உண்டு, ஆனால் வக்கீலுக்கு முதல் நாளே தெரிய வேண்டும். நகல் இல்லாவிட்டால், அதில் என்ன எழுதியிருந்தது என்று நினைவிருப்பதை இன்றிரவே தமிழிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள், எச்சரிக்கைச் சீட்டைக் கொடுத்தது எப்போது, நாய் வந்தது எப்போது என்பதையும் சேர்த்து எழுதட்டும். மேலே வக்கீலின் பார்வைக்கு என்று குறிப்பிட்டுத் தேதி போட்டு உறையில் வையுங்கள். கூடவே அந்த அஞ்சல் உறையையும் வையுங்கள். முத்திரைத் தேதி தெரிய வேண்டும், தூக்கி எறிந்துவிடாதீர்கள்.